யோசித்துக் கீழ்ப்படியும் நாய்

பூங்காவில் நாயை அவிழ்த்து விட்டிருக்கிறீர்கள். வீடு திரும்பும் நேரம். பெயர் சொல்லி அழைக்கிறீர்கள். லாப்ரடாராக இருந்தால் குரல் கேட்ட மாத்திரத்தில் ஓடிவந்து காலைச் சுற்றும். ஏர்டேல் டெரியர் அப்படி வராது. முதலில் தலையைத் தூக்கி உங்களைப் பார்க்கும். பிறகு, தான் முகர்ந்துகொண்டிருந்த புதரைப் பார்க்கும். மறுபடி உங்களைப் பார்க்கும். இரண்டில் எது மேல் என்று எடைபோட்டுவிட்டுத்தான் காலை எடுத்து வைக்கும். அந்த இரண்டு நொடித் தயக்கத்தைப் புரிந்துகொண்ட குடும்பத்துக்கு இதைவிட நல்ல துணை அமைவது கடினம் என்பது என் எண்ணம். அதை அடங்காமை என்று எடுத்துக்கொண்டு குரலை உயர்த்துகிற வீட்டில், நாய் இருக்கும் காலமெல்லாம் மல்லுக்கட்டாகவே போகும்.

அந்தத் தயக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரிய, வட இங்கிலாந்தின் ஓர் ஆற்றங்கரைக்குப் போக வேண்டும்.

யார்க்‌ஷரில் மால்ஹம் என்ற சிற்றூரின் பக்கத்தில், சுண்ணாம்புப் பாறை நிலத்தில் பிறக்கிறது ஏர் ஆறு. ஸ்கிப்டன், கீத்லி, பிங்லி, ஷிப்லி, லீட்ஸ் என்று ஊர் ஊராகக் கடந்து ஊஸ் ஆற்றில் போய்ச் சேர்கிறது. அந்த ஊர்ப் பேச்சில் ‘டேல்’ என்றால் பள்ளத்தாக்கு. ஏர் ஆறு ஓடும் பள்ளத்தாக்கு ஏர்டேல். அங்கே பிறந்த நாய்க்கும் அதே பெயர். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்தப் பள்ளத்தாக்கு கம்பளி ஆலைகளால் நிறைந்திருந்தது. டைட்டஸ் சால்ட் என்ற முதலாளி ஷிப்லிக்குப் பக்கத்தில் ஆற்றோரமாகக் கட்டிய மாபெரும் ஆலை 1853-இல் திறக்கப்பட்டது. நாள் முழுக்கத் தறியோசையில் நின்ற ஆலைத் தொழிலாளிக்கும், மண்ணுக்கடியில் கரி வெட்டிய சுரங்கத் தொழிலாளிக்கும் சனிக்கிழமை பிற்பகல்தான் மூச்சுவிடும் நேரம். வேட்டைக் காடுகளும் வயல்வெளிகளும் பெரிய மனிதர்கள் வசம் இருந்தன. குதிரையேறி, நாய்க்கூட்டத்தோடு நரி விரட்டுவது அவர்கள் பொழுதுபோக்கு. தொழிலாளிக்கு மிஞ்சியது ஆற்றங்கரையும், அதில் வளைதோண்டி வாழ்ந்த பெரிய எலிகளும், எப்போதாவது ஒரு நீர்நாயும்.

அங்கே எலி வேட்டைப் போட்டிகள் நடந்தன. கரையோரம் நாய்களை முகரவிடுவார்கள். எலி இருக்கிற வளையைச் சரியாகக் கண்டு நின்றால் அந்த நாய்க்குப் புள்ளி. அப்புறம் கீரியைப் போல ஒல்லியான, பழக்கிய ஃபெரட்டை வளைக்குள் விடுவார்கள். எலி வேறு வழியாகத் தப்பித் தண்ணீரில் பாயும். பின்னாலேயே நாயும் பாய்ந்து நீந்திப் பிடிக்க வேண்டும்.

இந்த வேலைக்கு அந்தப் பக்கத்தில் ஏற்கெனவே இருந்த சொரசொரப்பு மயிர் டெரியர்களுக்குத் துணிச்சல் போதும். நீச்சலும் மோப்பமும் போதவில்லை. ஆகவே நீர்நாய் வேட்டைக்கென்றே இருந்த ஆட்டர்ஹவுண்டோடு அவற்றைக் கலந்தார்கள். ஆட்டர்ஹவுண்ட் எண்ணெய்ப்பசை மயிரும், விரலிடைச் சவ்வும், மணிக்கணக்கான பழைய வாசனையைக்கூடத் தண்ணீரோரத்தில் பிடித்துவிடும் மூக்கும் கொண்ட பெரிய நாய். 1853-இல் வில்ஃபிரட் ஹோம்ஸ் என்பவர் இந்தக் கலப்பை முதலில் செய்தார் என்று இன வரலாறுகள் சொல்வது வழக்கம். என்னைக் கேட்டால், ஒரு மனிதர் ஒருநாள் உட்கார்ந்து உண்டாக்கிய இனமாக இதைப் பார்ப்பதைவிட, ஒரு பள்ளத்தாக்கே பல வருடங்கள் சேர்ந்து வடித்த நாயாகப் பார்ப்பதே பொருத்தம். கொஞ்ச காலம் பிங்லி டெரியர் என்றும், வாட்டர்சைட் டெரியர் என்றும் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். 1864-இல் அந்தப் பள்ளத்தாக்கில் நடந்த விவசாயக் கண்காட்சியில் இந்த நாய்கள் மேடையேறின. 1886-இல் இங்கிலாந்தின் கென்னல் கிளப் ஏர்டேல் டெரியர் என்ற பெயரில் தனி இனமாக ஏற்றது.

இப்போது அந்த இரண்டு நொடிக்கு வருவோம். ஆட்டு மந்தையை மேய்க்கும் நாய்க்கு, மேய்ப்பனின் விசிலையும் கையசைவையும் பார்த்துப் பார்த்து நடப்பதே தொழில். மனிதன் முகத்தைப் பார்ப்பது அதன் ரத்தத்தில் இருக்கிறது. எலி வளையின் முன்னே நிற்கும் டெரியருக்கு யார் கட்டளையிட முடியும்? வளைக்குள் எலி இருக்கிறதா இல்லையா என்பது கரையில் நிற்கும் மனிதனுக்கே தெரியாது. எலி எந்தப் பக்கம் பாயும், எப்போது குதிப்பது என்பதையெல்லாம் நாயே முடிவுசெய்ய வேண்டும். தானாக முடிவெடுக்கத் தெரிந்த நாய்களையே அவர்கள் தேர்ந்து தேர்ந்து இனப்பெருக்கம் செய்தார்கள். அந்தப் பரம்பரையில் வந்த நாயிடம் ‘உட்கார்’ என்றால், ‘எதற்கு?’ என்று அது ஒரு கணம் பார்ப்பதில் வியப்பில்லை.

உடல்வாகும் அந்த வேலைக்கேற்றதே. டெரியர் என்ற சொல்லின் வேர் மண் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல். மண்ணுக்குள் புகுந்து வேட்டையாடும் சிறிய நாய்களே அந்தக் கூட்டத்தில் பெரும்பான்மை. ஏர்டேல் எந்த வளைக்குள்ளும் நுழைய முடியாத உயரம். ஆண் நாய் தோள்மட்டத்தில் 58 முதல் 61 சென்டிமீட்டர், பெண் அதைவிட ஓரிரு சென்டிமீட்டர் குறைவு. எடை ஏறத்தாழ 23 முதல் 30 கிலோ. டெரியர்களின் ராஜா என்று அழைப்பதற்கு இந்த உயரமும் ஒரு காரணம்.

துணிச்சல், மூக்கு, சொந்த புத்தி மூன்றும் ஒன்றாய் இருந்தால் வேலை தேடி வரும். 1908-இல் ஹல் துறைமுகத்தில் இரவுக் காவலுக்கு ரயில்வே காவல்துறை ஏர்டேல்களை நிறுத்தியது. பிரிட்டனில் காவல்துறை நாய்களின் கதை அங்கிருந்து தொடங்குகிறது. சீருடை போட்டவரைக் காப்பது, போடாதவரை விரட்டுவது என்பதே அவற்றுக்குத் தந்த பயிற்சி. முதல் உலகப் போர் நடந்தபோது, எட்வின் ரிச்சர்ட்சன் என்ற ராணுவ அதிகாரி நெடுநாளாகச் சொல்லிவந்ததை அரசு கேட்டு, 1917-இல் எஸ்செக்ஸ் கடற்கரையில் ஷூபரினெஸ் என்ற இடத்தில் போர் நாய்ப் பள்ளி திறந்தது. தொலைபேசிக் கம்பி அறுந்துபோன சேற்றுக் களத்தில், கழுத்தில் கட்டிய சிறு குப்பியில் செய்தியைச் சுமந்து ஓடும் வேலை. ரிச்சர்ட்சனுக்கு ஏர்டேல்கள் மேல் தனிப் பற்று உண்டு. நாயை அனுப்பிவைத்த ஆள் பின்தங்கிவிடுவார். நடுவழியில் அது என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல யாருமில்லை. மறுபடியும் அதே ஆற்றங்கரைப் பாடம்தான்.

சண்டைக்களம் மட்டுமில்லை. 1921-இல் அமெரிக்க அதிபரான வாரன் ஹார்டிங்கிடம் லாடி பாய் என்ற ஏர்டேல் வெள்ளை மாளிகைக்கு வந்தது. அமைச்சரவைக் கூட்டத்தில் அதற்கென்று தனி நாற்காலி இருந்தது. 1923-இல் ஹார்டிங் இறந்தபோது, நாடெங்கும் செய்தித்தாள் விற்ற சிறுவர்கள் ஆளுக்கொரு காசு போட்டு, 19,134 காசுகளை உருக்கி அந்த நாய்க்குச் சிலை செய்தார்கள்.

இனி வீட்டுக்குள் வருவோம்.

முதல் வருடம் கடினம். அதை மறைத்து யாருக்கும் இந்த நாயைப் பரிந்துரைக்கக் கூடாது. எட்டு வாரத்தில் வரும் குட்டி எல்லாவற்றையும் வாயால்தான் தெரிந்துகொள்ளும்: செருப்பு, நாற்காலிக் கால், பாவாடை நுனி, உங்கள் மணிக்கட்டு. கடித்தால் ‘ஆ!’ என்று கத்திக் கையை வெடுக்கென்று இழுத்தால் அதற்கு அது விளையாட்டு. இன்னும் உற்சாகமாகப் பாயும். கையை அசைக்காமல் வைத்து, வேறொரு கடிபொருளை வாயில் கொடுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் பேசாமல் எழுந்து அறையைவிட்டு ஒரு நிமிடம் வெளியே போங்கள். கடித்தால் ஆட்டம் நின்றுவிடும் என்பதை இந்த நாய் விரைவாகக் கற்றுக்கொள்ளும். வீட்டில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதி வைத்திருந்தால் மட்டும் கற்றுக்கொள்ளாது. தாத்தா சோபாவில் ஏற்றி, அம்மா இறக்கிவிட்டால், தாத்தா இருக்கும் நேரம் எது என்பதைத்தான் அது படித்து வைத்துக்கொள்ளும்.

எட்டாம் மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை இன்னொரு சோதனை. அதுவரை கற்றதெல்லாம் காற்றில் போனது போலிருக்கும். இங்கேதான் பலர் மனம் தளர்ந்து, ‘இதற்குப் புத்தியில்லை’ என்று முடிவுகட்டி, நாயைத் தோட்டத்தோடு விட்டுவிடுகிறார்கள். பெரும் தவறு. அந்த மாதங்களில் பயிற்சியைக் குறைக்காமல், நீளத்தை மட்டும் குறைக்க வேண்டும். ஒரே கட்டளையைப் பத்து முறை செய்யச் சொன்னால் நான்காவது முறையிலேயே ஏர்டேல் வேறு பக்கம் பார்க்கும். ஐந்து நிமிடம் போதும். அதற்குள் மூன்று விதமான வேலை. சரியாகச் செய்தால் வேகவைத்த கோழித் துண்டோ பாலாடைக்கட்டியோ கைமேல் பலன். அது கேட்கிற ‘எதற்கு?’ என்ற கேள்விக்கு அதுதான் பதில்.

அடிக்காதீர்கள். கழுத்துச் சங்கிலியைச் சுண்டி இழுக்காதீர்கள். இரக்கத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. வலியைப் பொருட்படுத்தாமல் வேட்டையாட வளர்த்த நாய் இது. அடிக்கு அடங்காது, அடித்த ஆளை நம்புவதை மட்டும் நிறுத்திவிடும். நம்பிக்கை போன ஏர்டேலைத் திரும்பப் பெற மாதக்கணக்காகும்.

அழைத்தால் வருவதை மட்டும் தனிப் பாடமாக எடுத்துக்கொள்ளுங்கள். பத்து மீட்டர் நீளக் கயிற்றைக் கட்டித் திறந்தவெளியில் பழக்குங்கள். வரும்போதெல்லாம் வெகுமதி கொடுத்து மறுபடி ஓடவிடுங்கள். வீட்டுக்குக் கிளம்பும்போது மட்டும் கூப்பிட்டால், ‘வா’ என்றால் ஆட்டம் முடிந்தது என்று அது அர்த்தம் செய்துகொள்ளும். அந்த இரண்டு நொடித் தராசில் எந்தப் பக்கம் கனமாக இருக்க வேண்டும் என்பது இப்படித்தான் நம் கையில் வருகிறது. என்ன பழக்கினாலும், ஓடும் அணிலும் பூனையும் கண்ணில் பட்டுவிட்டால் உறுதி சொல்ல முடியாது. சாலையோரத்தில் அவிழ்த்துவிடவே கூடாது.

வளர்ந்த நாய்க்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரமாவது நல்ல நடையும் ஓட்டமும் வேண்டும். இரண்டு வேளையாகப் பிரித்தால் இன்னும் நல்லது. அதோடு மூக்குக்கும் வேலை கொடுங்கள். உணவின் ஒரு பங்கைப் புல்வெளியில் தூவி முகர்ந்து எடுக்கச் சொல்லுங்கள். பழைய துணிக்குள் சுருட்டி மறைத்து வையுங்கள். குழந்தைகளில் ஒருவரை ஒளிந்துகொள்ளச் சொல்லி, நாயை விட்டுத் தேடச் சொல்லுங்கள். இருபது நிமிடம் மூக்கால் தேடிய ஏர்டேல், ஒரு மணி நேரம் நடந்த ஏர்டேலைவிட அமைதியாகப் படுத்துறங்கும். வேலை கொடுக்காவிட்டால் தானே வேலை கண்டுபிடித்துக்கொள்ளும். ரோஜாப் பாத்தியைத் தோண்டுவது அதற்கு மிகவும் பிடித்த வேலை. குட்டியாக இருக்கும்போது மட்டும் நீண்ட ஓட்டமும் உயரத் தாண்டுதலும் வேண்டாம். எலும்பும் மூட்டும் உறுதிப்பட ஒரு வருடத்துக்கு மேலாகும்.

குழந்தைகளோடு இது நன்றாகவே சேரும். முரட்டு விளையாட்டைத் தாங்கும், தன் வீட்டுப் பிள்ளைகளை விட்டு விலகாது. ஆனால் தளர்நடை போடும் பிள்ளையை, வாலாட்டிக்கொண்டே ஓடிவந்து சாய்த்துவிடும். எவ்வளவு சாதுவான நாயானாலும் சிறு குழந்தையோடு தனியே விட்டுப் போகக் கூடாது. சாப்பிடும்போதும் தூங்கும்போதும் நாயைத் தொடக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். குட்டியிலிருந்தே கூட வளர்ந்த பூனையை ஏற்றுக்கொள்வதுண்டு. முயல், வெள்ளெலி வளர்க்கும் வீட்டுக்கு இது ஏற்றதில்லை. ஒரே பாலைச் சேர்ந்த இரண்டு பெரிய நாய்களை ஒரே கூரையின் கீழ் வைப்பதும் சிக்கலாகலாம்.

மயிரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாய்களுக்கான அழகுநிலையங்களிலேயே இதில் தவறு நேர்கிறது. ஏர்டேலுக்கு இரண்டு அடுக்கு: மேலே கம்பி போன்ற முரட்டு மயிர், கீழே மெத்தென்ற பஞ்சு மயிர். மேல் மயிர் மழைநீரையும் முள்ளையும் தடுக்கும். லாப்ரடாரைப் போல வீடெங்கும் மயிர் உதிராது. செத்த மயிர் தோலிலேயே தங்கிவிடும். அதைக் கையாலோ மழுங்கிய சிறு கத்தியாலோ, வளர்ந்த திசையிலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கி எடுக்க வேண்டும். முதிர்ந்த மயிர் எளிதாகக் கழன்று வரும், நாய்க்கு வலிக்காது. வருடத்துக்கு இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் புதிய மயிர் கறுப்பும் செம்பழுப்புமாகப் பளிச்சென்று, முரடாக முளைக்கும். எந்திரம் வைத்து மழித்தால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் செத்த வேர் உள்ளேயே நின்று, மயிர் வரவர மிருதுவாகி நிறம் மங்கும். போட்டிக்குப் போகாத வீட்டு நாயை மழிப்பதில் பாவமில்லை. அப்படி ஆகும் என்று தெரிந்து செய்யுங்கள். இரண்டில் எதைச் செய்தாலும் வாரம் ஒருமுறை அடிவரை சீப்பு போட வேண்டும். தாடியைச் சாப்பிட்ட கையோடு துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சோறும் தண்ணீரும் ஊறி நாறும். மயிர் அதிகம் உதிராததால் ஒவ்வாமைக்காரர்களுக்குத் தொந்தரவே வராது என்று சொல்லி விற்பவர்கள் உண்டு, நம்ப வேண்டாம். ஒவ்வாமை தருவது எச்சிலிலும் தோல் பொடியிலும் இருக்கிற புரதம். எல்லா நாய்க்கும் அது உண்டு. வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால், முடிவெடுக்கும் முன் வளர்ந்த ஏர்டேல் இருக்கும் வீட்டில் சில மணி நேரம் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

பொதுவாகத் திடமான இனம். 11 முதல் 14 வயது வரை வாழும். இடுப்பு மூட்டுக் கோளாறு, தைராய்டு குறைவு, தோல் அரிப்பு ஆகியவை வரக்கூடியவை. எல்லாவற்றையும்விட அஞ்ச வேண்டியது வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் நோய். மார்புக்கூடு ஆழமான பெரிய நாய்களுக்கு வருவது. இரைப்பை காற்றால் உப்பி, தன்னைத்தானே திருகிக்கொண்டு ரத்த ஓட்டத்தை அடைத்துவிடும். வாந்தி வருவது போல ஓங்கரிக்கும், ஒன்றும் வராது, வயிறு மேளமாக விறைக்கும், ஒரு நிலையில் நில்லாமல் அலையும், எச்சில் ஒழுகும். இதைக் கண்டால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த நேரமே கால்நடை மருத்துவமனைக்கு எடுத்துப் போக வேண்டும். சில மணி நேரத்தில் உயிர் போகிற விஷயம். ஒரே வேளையில் நிறையப் போடாமல் இரண்டு வேளையாகக் கொடுப்பதும், சாப்பாட்டை ஒட்டி ஓடவிடாமல் இருப்பதும், அவசரமாக விழுங்கும் நாய்க்கு மேடு பள்ளம் உள்ள தட்டில் வைப்பதும் ஆபத்தைக் குறைக்க உதவும்.

இன்னொன்று: ஏர்டேல் வலியைக் காட்டாது. நொண்டுகிற அளவுக்கு வந்தால் வலி முற்றிவிட்டது என்று பொருள். வழக்கமாகத் தாவி ஏறும் படியில் ஒருநாள் தயங்கினாலோ, பிடித்த பந்தைப் பார்த்தும் எழாமலிருந்தாலோ அதையே புகாராக எடுத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் வீடுகளுக்கென்று இரண்டு சொல்ல வேண்டியிருக்கிறது. மீந்த சாம்பார் சாதத்தை நாய்க்குப் போடும் பழக்கம் நமக்கு உண்டு. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களைச் சிதைப்பவை. பாயசத்து உலர்ந்த திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும். நாயின் உணவு நம் அடுப்பிலிருந்து தனியாக, வெங்காயமில்லாமல் வர வேண்டும். இரண்டாவது, வெயில். குளிர்ந்த ஆற்றுக்காக நெய்த இரட்டைக் கம்பளம் இந்த நாயின் உடம்பு. கன்னி, சிப்பிப்பாறை நாய்கள் தென்மாவட்டத்துக் கரிசல் வெயிலில் ஓடுவதற்கு ஏற்ற மெல்லிய மயிரோடு பிறப்பது போல, இது தன் மண்ணுக்கேற்பப் பிறந்தது. சித்திரை வைகாசியில் மதுரையிலோ வேலூரிலோ இதை நாள் முழுக்க மின்விசிறியை நம்பி வளர்ப்பது கொடுமை. குன்னூர், கொடைக்கானல் போன்ற இடமென்றால் யோசிக்கலாம். சமவெளியில்தான் என்றால், குளிரூட்டிய அறையும், சூரியன் எழும் முன்னும் இறங்கிய பின்னும் மட்டுமே நடையும் என்று வாழ்க்கையை மாற்றிக்கொள்ளத் தயாரா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். தார்ச்சாலையில் உங்கள் புறங்கையை ஐந்து நொடி வைக்க முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது.

குட்டி வாங்கப் போகும்போது தாயைப் பார்க்காமல் வாங்காதீர்கள். இங்கிலாந்தில் 2020 முதல், ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிகளை இடைத்தரகர்கள் விற்கச் சட்டம் தடை விதிக்கிறது. வளர்ப்பவர் வீட்டிலேயே தாயோடு பார்க்கலாம். சட்டம் இல்லாத ஊரிலும் அதையே கேளுங்கள். தாய் உங்களைக் கண்டு பதுங்குகிறதா, பாய்கிறதா, முகர்ந்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போகிறதா என்று கவனியுங்கள். கடைசியாகச் சொன்னதுதான் நல்ல ஏர்டேல். தாய் தந்தை இருவருக்கும் இடுப்பு மூட்டு எக்ஸ்ரே எடுத்த சான்றைக் காட்டச் சொல்லுங்கள். கூடையில் கிடக்கும் குட்டிகள் பெரும்பாலும் கறுப்பாக, கால்களிலும் முகத்திலும் மட்டும் பழுப்பாக இருப்பதைக் கண்டு ஏமாற்றுகிறார்களோ என்று பதற வேண்டாம். வளர வளரக் கறுப்பு பின்வாங்கி முதுகில் சேணம் போட்டதுபோல் நிற்கும்.

நல்ல வளர்ப்பாளர் நீங்கள் கேட்பதைவிட அதிகக் கேள்விகளை உங்களிடம் கேட்பார். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், வேலி எத்தனை அடி, கடைசிப் பிள்ளைக்கு என்ன வயது, வெளியூர் போனால் நாயை யார் பார்ப்பார்கள், மயிர் பிடுங்கும் வேலையை யார் செய்வார்கள் என்று துருவுவார். எரிச்சல்படாமல் உள்ளதைச் சொல்லுங்கள். ஒரு கேள்வியும் கேட்காமல் பணத்தை எண்ணிக்கொண்டு குட்டியைக் கையில் கொடுப்பவரிடமிருந்து, வெறுங்கையோடு திரும்பி வந்துவிடுங்கள்.